சும்மா விட்ட மேற்கோரம்

மருந்து தூவிய காலையில் நைனா இருந்தார், நான் இருந்தேன், செஞ்சியிலிருந்து சைக்கிளில் வந்த விவசாய இலாகா டெமான்ஸ்டிரேட்டர் இருந்தார். சித்தப்பா இல்லை. சீயமங்கலத்தில் மாமனார் கருமாதிக்குப் போயிருந்தார்.

யுத்தம் முடிந்து டி.டி.டி. தூள் எங்கள் பக்கம் வந்த புதுசு. பருத்திக் காயைத் துளைக்கிற புழுவுக்கு அது கேட்குமா, பழைய பாஷாணத் தூளே போதுமா என்று ஒரே நிலத்தில், எங்கள் பருத்திக் கொல்லையில், போட்டுப் பார்க்க வேண்டும் என்றார் டெமான்ஸ்டிரேட்டர். வீட்டில் எழுதப்படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அவர் கொடுத்த பிரசுரத்தைப் படித்துச் சொல்லி நைனாவைச் சம்மதிக்க வைத்தேன்.

அதில் ஒரு விதி இருந்தது. ஒரு பங்குக்கு எதுவும் போடாமல் சும்மா விட வேண்டும். அதோடு ஒப்பிட்டால்தான் மருந்தின் வேலை தெரியும். காற்று மேற்கிலிருந்து அடித்தது. தூள் பறந்து விழாமல் இருக்க மேற்கோரத்தைத்தான் விட வேண்டியிருந்தது. கொல்லை பாகம் பிரியாதது. ஆனாலும் கிணற்றோரத்துப் பருத்தியை நாங்கள் எடுப்போம், மேற்கோரத்தைச் சித்தப்பா வீட்டார் எடுப்பார்கள். நம்முடையதில் பாதி கொடுத்துவிட்டால் போச்சு என்றார் நைனா. துணிப்பையில் தூளைக் கட்டிக் கழியால் தட்டிக்கொண்டே போனோம்.

சித்தப்பா திரும்பி வந்து கொல்லையைச் சுற்றிப் பார்த்தார். தூள் மீதி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருந்தது. இப்போது போட்டால் சோதனை கெட்டுவிடும் என்று நான் விளக்கினேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

டி.டி.டி. போட்ட இடத்தில் புழு செத்து உதிர்ந்தது. பிறகு அசுவினிப் பூச்சி ஏறி இலையெல்லாம் பிசுபிசுத்தது. பாஷாணம் போட்ட இடத்தில் இலை விளிம்பு கருகினாலும் காய் ஓரளவு தப்பியது. மேற்கோரத்தில் காயைப் பிளந்தால் உள்ளே புழுவும் எச்சமும்தான்.

டெமான்ஸ்டிரேட்டர் மறுபடி வந்து காய்களைப் பிளந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"சும்மா விட்டது நல்லா அடி வாங்கியிருக்குது. இப்படித்தான் வேணும்."

சித்தப்பா அவர் பின்னால் நின்றிருந்தார். டெமான்ஸ்டிரேட்டர் சைக்கிள் ஏறிப் போனதும் நைனாவிடம் சொன்னார்:

"இன்னா படிப்பு படிச்சான்ணா உம்புள்ள? எம்பங்க புழுவுக்கு எழுதி வெச்சுட்டான்."

எங்கள் பருத்தியில் பாதி தருவதாக நைனா சொன்னார்.

"பருத்தி வாணாம்ணா. பாகம் பிரிச்சுக்கலாம்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்கிற மாதிரி சொன்னார்.

ஜோடி மாடு ஆளுக்கு ஒன்றாகப் போனது. ஒற்றை மாட்டைக் கட்டிக்கொண்டு இரண்டு வீடும் கிணற்றுத் தண்ணீரைக் கவலையால் இறைக்க முடியாமல் நின்றோம். பாகப் பத்திரத்தில் கைநாட்டு வைக்குமுன் இரண்டு பேருக்கும் அதைப் படித்துக் காட்ட வீட்டில் வேறு ஆள் இல்லை. மேற்குப் பாகம் இளையவருக்கு என்கிற வரியை நான்தான் படித்தேன். சித்தப்பா இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

முத்திரைத்தாள், எழுத்துக்கூலி, ரிஜிஸ்டர் செலவு எல்லாம் அந்த வருஷத்துப் பருத்திப் பணத்திலிருந்துதான் போனது. எழுபத்திரண்டு ரூபாய் நாலணா.