ஒல்மான் மாமாவின் ஹோம் ரன் பந்து

எங்கள் துரியால்பாவில் பேஸ்பால் பந்து தைக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். அதை ஆடத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. எங்களுக்குப் பந்து என்றால் கால்பந்து. ஆனாலும் வடக்கே அமெரிக்காவின் பெரிய மைதானங்களில் எறிகிற பந்துகள் எங்கள் ஊர்த் தொழிற்சாலையில் கையால் தைத்தவை. முன்பு ஹெய்ட்டிக்காரர்கள் தைத்தார்கள். அங்கே ஆட்சிகள் கவிழ்ந்துகொண்டே இருந்ததும் ஊசி எங்கள் கைக்கு வந்தது. அதற்கும் முன்னால் குதிரைத் தோலில் தைத்தார்களாம். குதிரை கட்டுப்படியாகவில்லை என்றதும் மாட்டுக்கு மாறினார்கள். மாட்டையும் யாரும் கேட்கவில்லை, எங்களையும் யாரும் கேட்கவில்லை.

இந்த ஊரில் பந்து விஷயத்தில் தன்னைத்தானே பேராசிரியராக நியமித்துக்கொண்டவர் என் மாமா ஒல்மான் கிரோஸ். அவர் ஒரு தையல்கூடப் போட்டதில்லை. ரப்பர் உருண்டை மேல் கம்பளி நூலை இறுகச் சுற்றி, எட்டு வடிவத்தில் வெட்டிய இரண்டு தோல்களை அதன்மேல் போர்த்தி, இரண்டு ஊசியில் சிவப்பு நூல் கோத்து, தோள் கழன்று போகும்படி கையை விரித்து விரித்து இழுப்பவர்கள் மற்றவர்கள். மாமா சோதனை மேசைக்காரர். தையல் மேல் கட்டைவிரலை ஓட்டி, "சரி" என்பார், அல்லது "சரியில்லை" என்பார். சரியில்லாததை யாரும் விற்றுவிடக் கூடாது என்று கத்தியால் ஒரு கீறு கீறித் தள்ளிவிடுவார். அந்தக் கட்டைவிரலின் பெருமைக்காக வீட்டில் அவர் ஒரு தட்டைக்கூடக் கழுவியதில்லை.

அவர் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு பந்து. யாரோ அமெரிக்க ஆட்டக்காரன் மைதானத்துக்கு வெளியே பறக்க அடித்த ஹோம் ரன் பந்தாம், நன்றிக்காக மாமாவுக்கு அனுப்பினானாம். தைத்தவளுக்கு அனுப்பாமல் தடவியவருக்கு ஏன் அனுப்பினான் என்று யாரும் கேட்டதில்லை. நான் வடக்கே ஊர் சுற்றிவிட்டுத் திரும்பிய வாரமே மாமாவின் மனைவி சீனியா அத்தை உண்மையைச் சொல்லிவிட்டாள். மாமாவே கீறித் தள்ளிய பந்து அது. மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தில் வைத்துத் தொழிற்சாலை வாசல் சோதனையைத் தாண்டிக் கொண்டுவந்தது. அத்தைதான் பசை போட்டு ஒட்டினாள். கீறல் எப்போதும் சுவர்ப் பக்கம் பார்த்திருக்கும்.

வடக்கே நான் பார்த்த ஆட்டங்களில், ஒருமுறை மண்ணில் உரசிய பந்தைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு எடுத்தார்கள். அதை மாமாவிடம் சொன்னேன்.

"நீ பாத்தது சின்ன ஆட்டமா இருக்கும்மா" என்றார்.

ஊரில் பேஸ்பால் ஆடுபவர்கள் கரும்பு வெட்ட வந்த நிக்கராகுவாக்காரர்கள் மட்டும்தான். ஆற்றோர மேய்ச்சல் நிலத்தில், பழைய காலுறையைச் சுருட்டிக் கட்டிய பந்தால் ஆடுவார்கள். அவர்களைக் கண்டாலே மாமாவுக்கு மூக்கு சுளிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை லிமோன் துறைமுகத்திலிருந்து ஓர் அணி பஸ் பிடித்து வந்திருந்தது, ஒரே ஒரு நிஜப் பந்தோடு. கடைசிச் சுற்றில் இரு பக்கமும் சமம். லிமோன்காரர்கள் அடித்து முடித்துவிட்டார்கள். நம்மூரில் கரும்பு வெட்டும் நம்மவர்கள் ஒரு ஓட்டம் எடுத்தால் வெற்றி. அப்போது பந்து ரெவென்டசோன் ஆற்றில் விழுந்து, வெள்ளத்தோடு போய்விட்டது.

உலகத்துக்கே பந்து தைக்கிற ஊரில் ஒரு பந்து கிடைக்கவில்லை. கூட்டம் மாமா வீட்டு வாசலுக்கு வந்தது. முன்னால் நின்றவன் எவெனோர், கரும்பு வெட்டுகிறவர்களின் அணித்தலைவன்.

"ஐயா, அந்தப் பந்தக் கொஞ்சம் குடுங்க. ஆட்டம் முடிஞ்சதும் தொடச்சுக் கொண்டுவந்து வெக்கிறோம்."

"அது பந்தில்லடா, வரலாறு. அதப் போயி கட்டையால அடிப்பியா?"

"ஹோம் ரன் அடிச்ச பந்துதானே ஐயா? இன்னொரு அடி தாங்காதா?"

கூட்டம் சிரித்தது. மாமா வாசலை மறித்து நின்றார். அதற்குள் அத்தை பெட்டியைத் திறந்துவிட்டாள்.

"எடுத்துட்டுப் போங்கப்பா. எத்தனை வருஷமா இதுக்குத் தூசி தட்டுறது?"

மாமா பின்னாலேயே ஓடினார். "அப்படின்னா நான்தான் நடுவர்" என்றார். பந்தின் மேல் ஓர் அடி விழுவதற்குள் ஏதாவது சாக்குச் சொல்லி ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்பது கணக்கு. பந்துக்காரர் ஆயிற்றே என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

முதல் பந்து எவெனோரின் முழங்கால் பக்கம் போனது. அடிக்காமல் விட்டான். எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

"சரியில்லை" என்றார் மாமா, கட்டைவிரலைத் தூக்கி. அவருக்குத் தெரிந்த தீர்ப்பு அவ்வளவுதான். "மழை வரப்போவுது. போதும், நிறுத்திக்கலாம்."

"துரியால்பால எப்பய்யா மழை வரல?" என்றார் லிமோன் தலைவர் ஆப்ரி, தலை நரைத்த கறுப்பர். "எறிடா."

இரண்டாவது எறியில் எவெனோர் விளாசினான். பந்து வாழைப்பழம் போல உரிந்தது. தோல் பாதி வழியில் விழ, உருண்டை மட்டும் நூலை விட்டுக்கொண்டே புல்லில் உருண்டு போனது. எவெனோர் ஓடினான். மைதானத்தைத் தாண்டாவிட்டாலும், ஒரே அடியில் நான்கு மூலையையும் தொட்டு வந்தால் ஹோம் ரன்தான்; அதற்குள் பந்தால் அவனைத் தொட்டுவிட்டால் அவுட். லிமோன்காரன் ஒருவன் தோலைப் பொறுக்கிக்கொண்டு அவனைத் துரத்தினான். இன்னொருவன் பட்டம் இறக்குகிறவன் மாதிரி நூலைப் பிடித்து இழுத்தான்.

"நிறுத்துங்க, பந்து செத்துப்போச்சு" என்று கத்தினார் மாமா.

"பந்து பிரிஞ்சாலும் அந்த ஓட்டம் முடியற வரைக்கும் அது பந்துதான்" என்றார் ஆப்ரி. தன் அணிக்கே பாதகம் என்று தெரிந்தும் சொன்னார். "ஓடறவன் ஓடட்டும்."

எவெனோர் கடைசி மூலையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அவன் முதுகில் தோல் பட்டது. உருண்டை இன்னும் புல்லில் கிடந்தது.

"அவுட்" என்றார்கள் லிமோன்காரர்கள். "உருண்டை அங்க கெடக்கு, தோல வெச்சுத் தொட்டா ஆச்சா?" என்றார்கள் நம்மவர்கள்.

"பந்துக்காரரே, நீங்களே சொல்லுங்க" என்றார் ஆப்ரி. "தோல் பந்தா, உருண்டை பந்தா?"

தோல்தான் பந்து என்றால் அதைக் கையில் வாங்கி எல்லோருக்கும் காட்ட வேண்டும். கத்திக் கீறலும் காய்ந்த பசையும் அதில் அப்படியே இருந்தன. மாமா பாய்ந்து தோலைப் பிடுங்கிக் கால்சட்டைப் பையில் திணித்தார்.

"உருண்டைதான் பந்து. தோல் வெறும் சட்டை. ஓட்டம் செல்லும்."

எவெனோரைத் தோளில் தூக்கினார்கள். மாமாவின் பையிலிருந்து சிவப்பு நூல் வால் போலத் தொங்கியது.

"அதை எதுக்கு ஐயா பையில வெச்சீங்க?" என்றான் எவெனோர் மேலிருந்தபடியே.

"ஞாபகத்துக்குடா."

"எங்கிட்டக் குடுங்க" என்றாள் அத்தை, எல்லோர் காதிலும் விழும்படி. "நீங்க கத்தியால கீறுனப்பவும் பசை போட்டு ஒட்டுனது நான்தானே. மறுபடி ஒட்டித் தர்றேன்."

சிரிப்பு ஆற்றின் அக்கரை வரை கேட்டது. ஆப்ரி தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

புல்லில் கிடந்த நூலையெல்லாம் அத்தை சுற்றி எடுத்துவந்து கொல்லையில் சௌசௌ கொடிக்குப் பந்தல் கட்டிவிட்டாள். விருந்தாளி வந்தால் மாமா இப்போது அங்கேதான் கூட்டிப்போகிறார். "இது ஹோம் ரன் அடிச்ச பந்தோட நூல்" என்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையைச் சொல்கிறார். வந்தவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, "காய் ரெண்டு பறிச்சுக்கலாமா?" என்று அத்தையிடம் கேட்கிறார்கள்.