அப்பாவுக்கென்று வைத்த தனிச் சட்டி

போன சனிக்கிழமை ஹவுன்ஸ்லோவில் வீதியோரமாகச் சாப்பாட்டுக் கடைகள் போட்டிருந்தார்கள். மகனுக்கு நூடில்ஸ் வாங்க வரிசையில் நின்றேன். பக்கத்துக் கடைப் பானையிலிருந்து பொரித்த உள்ளிப்பூண்டும் இஞ்சியும் வெள்ளை மிளகும் கலந்த மணம் வந்தது. எட்டிப் பார்த்தேன். தாய்லாந்துக் கஞ்சி. "நீங்களும் சாப்பிடுங்கோவன் அம்மா" என்றான் மகன். வேண்டாம் என்றேன். பதினாறு வயதுப் பையனுக்கு இதையெல்லாம் வரிசையில் நின்றபடி விளக்க முடியாது. உங்களுக்கென்றால் ஆறுதலாகச் சொல்லலாம்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அம்மா முதலில் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். நானும் அப்பாவும் பாங்கொக்கில் ஒரு மூன்றாம் மாடி அறையில் பதினொரு மாதம் காத்துக் கிடந்தோம். விசா முடிந்துவிட்டதால் அப்பா வெளியே தலைகாட்டுவதில்லை. சின்னப் பிள்ளையை யாரும் மறிக்கமாட்டார்கள் என்று கடைக்குப் போவது என் வேலையானது; தாய்லாந்து மொழியும் அப்படியே எனக்கு ஒட்டிக்கொண்டது. அறையில் சமைக்க விடமாட்டார்கள். அப்பா யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியார், முட்டைகூடத் தொடாத சைவம். பாண் ரொட்டியும் வாழைப்பழமும், பாணும் வாழைப்பழமும். இன்றைக்கும் வாழைப்பழம் என்றால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வது அதனால்தான்.

கீழே ஒழுங்கை வாசலில், சந்து தெருவைத் தொடும் இடத்தில், ஒரு அம்மா காலையில் தள்ளுவண்டியில் கஞ்சி விற்பார். அந்த மொழியில் பெரியம்மாவைப் "பா" என்று கூப்பிடுவார்கள். நான் கீழே நின்று "பா!" என்று கத்த, மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து அப்பா "என்ன பிள்ளை?" என்பார். அவருக்குத் தன்னை அழைக்கிறேன் என்று நினைப்பு. அந்த அம்மா வயிறு குலுங்கச் சிரிப்பார்.

கஞ்சி மணம் மாடிவரை ஏறும். ஒருநாள் அப்பாவே வாய் திறந்தார். "இறைச்சி, மீன் ஏதும் போடுறவவோ எண்டு கேட்டுக்கொண்டு வா."

கேட்டேன். அந்த அம்மா மூடியைத் திறந்து அகப்பையால் கிளறிக் காட்டினார். அடியில் பன்றி எலும்பு. நான் படியேறினேன். ஒவ்வொரு படியிலும் யோசித்தேன். அப்பாவின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவர் சாப்பிடாததை அவர் முன்னால் நான் மட்டும் சாப்பிடவும் மனம் வரவில்லை.

"அரிசியும் இஞ்சியும் மட்டும்தானாம், அப்பா."

"வடிவாக் கேட்டனியோ?"

"ஓம். உங்களுக்கெண்டு தனிச் சட்டியில வைக்கிறாவாம்."

தனிச் சட்டியை ஏன் சேர்த்தேன் என்று இன்றுவரை தெரியாது. பொய் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரிவதில்லை. இறைச்சி உருண்டை போடவேண்டாம் என்று மட்டும் அந்த அம்மாவிடம் சொல்லி, இரண்டு கோப்பை வாங்கி வந்தேன். அப்பா முதல் கரண்டி வாயில் வைத்ததும் கண்ணை மூடினார். நெற்றி வியர்த்தது. "எங்கட கஞ்சி மாதிரியே கிடக்கு" என்றார். அதன்பிறகு ஒவ்வொரு காலையும் ஜன்னலடியில் இருவரும் கஞ்சி குடிப்போம், பிறகு அப்பா பின்னக் கணக்குச் சொல்லித்தருவார். பயந்து ஒளிந்திருந்த காலம் அது. ஆனாலும் அப்பா முழுக்க முழுக்க எனக்கே கிடைத்த காலம்.

லண்டன் வந்த பிறகு அப்பா விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலைக்குப் போனார். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் கதை வரும். "பாஷை தெரியாத மனிசி. எனக்கெண்டு தனிச் சட்டி வைச்சுக் காய்ச்சினவா. உலகத்தில அப்பிடியும் ஆக்கள் இருக்கினம்." சொல்லும்போது அகப்பை பிடிப்பதுபோல் கை வளையும். இருபது வருடத்துக்கு மேல் சொன்னார்.

மகனின் ஏழாவது பிறந்தநாளுக்கு எல்லோரும் ஒரு தாய்லாந்துக் கடைக்குப் போனோம். அப்பா தனக்கு மரக்கறிச் சோறு சொல்லிவிட்டு, என் கணவரிடம் கதையைத் தொடங்கினார். அவர் அதைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பார். எனக்கு அன்றைக்கு என்ன பிடித்ததோ. மேசை கலகலப்பாக இருந்தது, இன்னும் கொஞ்சம் சிரிக்கவைக்கலாம் என்று நினைத்தேன்.

"அப்பா, அது பண்டி எலும்புக் கஞ்சி."

எல்லோரும் சிரித்தார்கள். என் சிரிப்புத்தான் பெரிது.

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். "உனக்கு அப்பவே தெரியுமோ?"

"ஓம் அப்பா."

"அப்ப, தனிச் சட்டி?"

"அது… நான் சும்மா சொன்னது."

பிறகு அவர் சாப்பிடவில்லை. காரில் அம்மாதான் சமாளித்தார். "அறியாமச் சாப்பிட்டதுக்கு என்ன பாவம்? அவளும் சின்னப் பிள்ளைதானே." அப்பா கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு வந்து இறங்கும்போது என்னிடம் மெல்லச் சொன்னார். "பண்டி போகட்டும். அந்தத் தனிச் சட்டியையாவது விட்டுவைச்சிருக்கலாம், பிள்ளை."

அன்றோடு அந்தக் கதை நின்றது. "மாஸ்டர், அந்தக் கஞ்சிக் கதையைச் சொல்லுங்கோவன்" என்று யாரும் கேட்டால், "அது பழசு" என்று தேநீரை எடுத்துக்கொள்வார்.

அவரிடம் நான் சொல்லாத ஒன்று இருந்தது. ஒருநாள் காலை ஒழுங்கைக்குள் பொலிஸ் வந்தது. நான் கோப்பையோடு வண்டியடியில் நின்றேன். அந்த அம்மா தன் ஏப்ரனைக் கழற்றி என் கழுத்தில் மாட்டி, கோப்பை கழுவச் சொல்லித் தள்ளிவிட்டு, என்னைத் தன் தங்கையின் பிள்ளை என்றார். என் நிறத்தைப் பார்த்த பொலிஸ்காரன் நம்பினானோ என்னவோ, போய்விட்டான். அந்த அம்மாவின் விரல் எங்கள் ஜன்னல் பக்கம் நீண்டிருந்தால் அப்பா அன்றைக்கே சிறைக்குப் போயிருப்பார். அப்பாவிடம் சொன்னால் என்னைக் கீழே விடமாட்டார் என்று மறைத்தேன். பிறகு மறந்தும்போனேன்.

இதைச் சொல்லியிருந்தால் அந்தப் "பாஷை தெரியாத மனிசி" அவருக்குத் திரும்பக் கிடைத்திருப்பார். ஒருநாள் துணிந்து தொடங்கினேன். "அப்பா, பாங்கொக்கில ஒருநாள்…" "விடு பிள்ளை" என்றார். நானும் விட்டுவிட்டேன். இன்னொரு சமாளிப்புக் கதை என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். மூன்று வருடத்துக்கு முந்திய குளிர்காலத்தில் அப்பா போய்விட்டார். அந்த ஒழுங்கையும் இல்லை. மகனின் போனில் தேடிப் பார்த்தேன், அந்த இடத்தில் கண்ணாடி பதித்த ஹோட்டல் ஒன்று நிற்கிறது.

நாங்கள் பாங்கொக்கை விட்டுப் புறப்பட்ட காலையில்தான் அப்பா முதன்முறையாக வண்டியடிக்கு வந்தார். இரண்டு கையையும் கூப்பி, தலை குனிந்து, அந்த அம்மாவைக் கும்பிட்டார். அவரும் கைகூப்பினார். பொலிசிடம் காட்டிக்கொடுக்காததற்குத்தான் இந்த நன்றி என்று அந்த அம்மா நினைத்திருப்பார். அப்பா நன்றி சொன்னது சட்டிக்கு. நடுவில் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு இரண்டு மொழியும் தெரியும். நான் வாய் திறக்கவில்லை.