சவம்போலக் கிடத்தல்

சுபஹுத் தொழுகைக்கு முகம் கை கால் கழுவி ஒளூச் செய்யக் கிணற்றடிக்குப் போனபோது என் விரல்கள் வாளியின் பிடியைப் பிடிக்கவில்லை. வெயில் ஏறியதும் கை இளகியது. மறுநாளும் அதே கதை. அது ஐம்பத்தைந்தாம் வருசம், மருதமுனையில். எனக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருந்தது.

சில மாதங்களில் மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் எல்லாம் வீங்கின. ஸுஜூது செய்ய முடியவில்லை. கதிரையில் இருந்து தலையை மட்டும் குனிந்து தொழுதேன். மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை. ஒருதரமாவது நெற்றி தரையில் பட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

டொக்டர் மூட்டுவாதம் (மூட்டுக்குள் அழற்சி, அதாவது வீங்கிச் சுட்டு, நாட்பட இழுக்கிற நோய்) என்றார். அஸ்பிரின் குளிசையை (நோவையும் வீக்கத்தையும் குறைப்பது) கூட்டித் தந்து ஆசுபத்திரியிலேயே தங்கவைத்தார். நோவு பாதி குறைந்தது, காது இரையத் தொடங்கியது. யார் கதைத்தாலும் அந்த இரைச்சலுக்கு அப்பால்தான் கேட்கும்.

அடுத்த கட்டிலில் பாண்டிருப்புப் பரமேசு அக்கா. அவருக்கும் இதே நோய்தான். தகப்பனிடம் படித்த யோகாசனத்தை அவர் விடாமல் செய்துவந்தார். மூச்சோடு சேர்த்து விரல்களை மடக்கி நீட்டுவார், கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி முழங்காலை மெல்ல மடிப்பார். எனக்கும் காட்டித் தந்தார்.

"இது சாமி கும்பிடுற வேலையா அக்கா?" என்று என் கணவர் தயங்கிக் கேட்டார்.

"முழங்காலுக்குச் சாமி தெரியுமா தம்பி? மூச்சு எல்லாருக்கும் ஒண்டுதானே."

டொக்டரிடமும் கேட்டோம். "செய்யட்டும். மூட்டுச் சுடுற நாளில செய்யப்படாது, குளிசைய விடவும்படாது," என்றார். என்னைப் போன்ற நோயாளிகள் இந்த இரண்டையும் மறக்க வேண்டாம்.

"கடைசியா நீட்டி நிமிந்து, சவம் மாதிரிக் கிடக்கோணும்," என்றார் பரமேசு அக்கா. "அதுதான் எல்லாத்திலயும் கஷ்டம்."

வீட்டுக்கு வந்தும் மாதக்கணக்காகச் செய்தேன். முழங்கால் கொஞ்சம் கொஞ்சமாக மடிந்தது. ஒரு நாள் மதியம், கணவர் வெளியே போயிருந்த நேரம், பயிற்சி முடிந்து பாயில் கிடந்தேன். உடம்பில் எங்கும் நோவில்லை. நோய் வந்த பிறகு அப்படி இருந்தது அன்றுதான்.

பக்கத்து வளவிலிருந்து என் ராத்தா, கூடப்பிறந்த மூத்தவர், வந்து கூப்பிட்டது அந்த இரைச்சலுக்கு அப்பால் கேட்டது. வாய் திறந்தால் நோவு திரும்பிவிடும் என்று பயந்து பேசாமல் கிடந்தேன்.

ராத்தா ஊரில் இறந்துபோன பெண்களின் மையித்தைக் குளிப்பாட்டுகிறவர். பழகிய கைகள் என் தலையை மக்கா இருக்கும் கிப்லாப் பக்கம் திருப்பின. கலிமா சொல்வது கேட்டது. சீலை கிழிபடும் சத்தம் கேட்டது. என் இரண்டு கால் பெருவிரல்களையும் அந்தத் துணி ஒன்றாகச் சேர்த்துக் கட்டியபோதுதான், என்னை மையித்தாக எண்ணிவிட்டார் என்று விளங்கியது. திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தேன்.

ராத்தாவின் கை நின்றுவிட்டது. துணியைப் பிடித்தபடியே என் காலடியில் இருந்துவிட்டார்.

"மூச்சப் பாக்கல்லியா ராத்தா?"

"பாக்கல்லகா," என்றார். "உன்ட முகத்தில நோவே இல்ல. அதான் மவுத்தாப் பெய்த்தாய் எண்டு நினைச்சன்."

இருவரும் அழுதோம். பயிற்சியை விடச் சொல்லி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து நான் கிடக்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து இருப்பார். இடைக்கிடை, "இரிக்கியா?" என்று கேட்பார். "ஓம், இரிக்கன்," என்பேன். அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு உடம்பு தளரவே தளராது. கண்ணை மூடினால் அந்தக் கைகளின் குளிர்ச்சிதான் வரும்.

நோன்புப் பெருநாள் கழிந்து ஓர் அஸர் தொழுகையில் என் நெற்றி பாயில் பட்டது. முழங்கால்கள் நொந்தன. அந்த நோவையும் சேர்த்தே அல்லாஹ்வைப் புகழ்ந்தேன்.

நோய் முழுதாகப் போகவில்லை, அடங்கியிருக்கிறது. சில காலைகளில் ஒரு நோவும் இல்லாமல் விழிப்பேன். அப்போதெல்லாம் சந்தோசப்படுவதற்கு முன்னால், போர்வைக்குள் கால்களைப் பிரித்துப் பார்க்கிறேன்.