நூம்பல் பந்தலில் முதல் பாட்டு: அம்பத்தூரிலிருந்து இரண்டு டெக்கைத் தூக்கிக்கொண்டு

போன வாரம் ஒரு வாசகி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். திருமழிசைப் பக்கம் ஒரு கல்லூரி விழாவில் முதல் ஆளாக அவர்தான் இசை போட வேண்டுமாம். "கூட்டத்தை எப்படிப் பிடிப்பது? சாமான்களை எப்படிக் கொண்டுபோவது? நீங்கள் ஒருகாலத்தில் இதெல்லாம் செய்தவராமே?" என்று கேட்டிருந்தார். இந்த வலைப்பூவில் மலை, அருவி, பழைய கோட்டை என்றுதான் இதுவரை எழுதி வந்திருக்கிறேன். ஆனால் என் வாழ்க்கையில் நான் பெருமையோடு நினைக்கும் பயணம் மொத்தம் இருபத்திரண்டரை கிலோமீட்டர்தான். அம்பத்தூரில் தொடங்கி ஆவடி, கரையான்சாவடி வழியாக நூம்பலில் முடிந்தது. தொண்ணூறுகளின் நடுவில், பொங்கல் கழிந்த இரண்டாவது ஞாயிறு. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளுக்குப் பற்றவைக்கும் வேலை எனக்கு. பழுதான இரண்டு கேசட் டெக்குகளை மலிவாக வாங்கி நானே சரிசெய்து வைத்திருந்தேன். ஒன்றில் பாட்டு ஓடும்போதே இன்னொன்றில் அடுத்த பாட்டின் தொடக்கத்தை ஹெட்போனில் தேடிப் பிடித்து, இடைவெளி விழாமல் சேர்த்துவிடுவேன். மோட்டாருக்குப் பின்னால் ஒரு சின்னத் துளை உண்டு. அதற்குள் இருக்கும் திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பினால் வேகம் கூடும், குறையும். அப்படி இரண்டு பாட்டின் தாளத்தையும் ஒன்றாக்கலாம். டி.ஜே. என்ற சொல்லை எங்கள் பக்கம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. "டேப் போடுற பொண்ணு" என்பார்கள். அதற்கு முந்தைய ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையில் போட்டேன். எங்கள் லைனில் இருந்த நாற்பது பெண்களும் ஆடினார்கள்.

ஸ்டோர்ஸில் வேலை பார்த்த செல்வம் அதைப் பார்த்திருந்தான். அவனுக்கு அந்த ஞாயிறு கல்யாண வரவேற்பு. வெள்ளிக்கிழமை மத்தியானம் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தான். முகம் செத்துப் போயிருந்தது.

"ஸ்டெல்லா, ஆர்கெஸ்ட்ராக்காரங்க கைய விரிச்சிட்டாங்க. பாடறவருக்குத் தொண்ட கட்டிக்கிச்சாம். எங்கப்பா ஊரெல்லாம் சொல்லி வச்சிகீறாரு. மண்டபம் புடிக்காம ஊட்டாண்ட பந்தல் போட்டதுக்கே பொண்ணு ஊட்டுக்காரங்க மூஞ்சத் தூக்கிகினு கீறாங்க. பூஜைக்குப் போட்டியே, அத்த மாரி வந்து போடேன்."

"அது நாப்பது பேரு செல்வம். எல்லாம் நம்ம பொண்ணுங்க."

"இது நானூறு பேரு. அவ்ளோதான் வித்தியாசம்."

சரி என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து சாப்பிட்டுவிட்டுப் பன்னிரண்டேகாலுக்குக் கிளம்பினேன். வீட்டிலிருந்து அம்பத்தூர் ஸ்டேஷன் ஒரு கிலோமீட்டர் நடை. டெக் ஒவ்வொன்றும் ஐந்து கிலோ. பழைய போர்வையில் சுற்றி, கைக்கொரு மூட்டையாகக் கட்டியிருந்தேன். தோளில் கேசட் பை. பன்னிரண்டு நாற்பது மின்சார ரயில், பெண்கள் பெட்டி, டிக்கெட் இரண்டு ரூபாய். திருமுல்லைவாயல், அண்ணனூர் தாண்டி ஆவடிக்கு ஏழு கிலோமீட்டர், பன்னிரண்டு நிமிடம். டெக்குகளைத் தரையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன். ரயில் பெட்டியின் அதிர்வு தரையில்தான் அதிகம்.

ஆவடி பிளாட்பாரத்தில் வசந்தா நின்றிருந்தாள். லைனில் எனக்குப் பக்கத்து ஸ்டூல் அவளுடையது. அவள் அண்ணன் வைத்திருந்த, இரண்டு டெக்கின் சத்தத்தையும் கலக்கும் மிக்சர் பெட்டியை ஒயர் கூடையில் போட்டு, மேலே துண்டைப் போர்த்தி, கறிகாய் வாங்கி வருபவள்போல் கொண்டுவந்திருந்தாள். "கேட்டா குடுக்க மாட்டான். அதான் கேக்கல" என்றாள்.

ஒன்று இருபதுக்குப் பூந்தமல்லி பஸ். டிக்கெட் ஆளுக்கு இரண்டரை ரூபாய், லக்கேஜ் தனி. கண்டக்டர் போர்வை மூட்டைகளை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இன்னாமா இது, டிவி பொட்டியா?"

"டேப்புண்ணே."

"ரெண்டு பேருக்கு எதுக்கு ரெண்டு டேப்பு? ஆளுக்கு ஒண்ணுல கேப்பீங்களா?" என்று சிரித்தவர், "படிக்கட்டாண்ட வைக்காத. எவனாவது கால வச்சிடுவான்" என்று தன் சீட்டுக்குக் கீழேயே இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பருத்திப்பட்டு தாண்டிக் காடுவெட்டிப் பாலம் வரும்வரை சாலை மோசமில்லை. அதற்கப்புறம் பள்ளம்தான். பத்துக் கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம் ஆனது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் நான் குனிந்து சீட்டுக்குக் கீழே பார்த்துக்கொண்டே வந்தேன்.

கரையான்சாவடியில் இறங்கியபோது மணி இரண்டு. ஒரு மின்சாதனக் கடையில் இன்சுலேஷன் டேப்பும், ஒயர் மாட்ட இரண்டு பின்னும் வாங்கினோம். ஆளுக்கொரு டீ. அங்கிருந்து நூம்பலுக்கு நாலரை கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருபத்தைந்து ரூபாய். வேலப்பன்சாவடியில் திரும்பும்போது ஓட்டுநர் பேச்சுக் கொடுத்தார்.

"செல்வம் ஊட்டு ரிசப்ஷனுக்கா? ஆர்கெஸ்ட்ரா வருதாமே! நானும் அஞ்சு மணிக்கு வண்டிய ஓரங்கட்டிட்டு வரேன்."

வசந்தா என் கையைக் கிள்ளினாள். "நல்லா இருக்குமாண்ணே?" என்று கேட்டேன்.

"இல்லாங்காட்டி ஏழுமலை அண்ணாத்த சும்மா உடுவாரா? பொண்ணுக்குத் தாய்மாமன். லாரி மெக்கானிக்கு. எங்க ஸ்டாண்டுல அவரு பேச்சுக்கு மறுபேச்சு கெடையாது."

வசந்தா இன்னொரு தடவை கிள்ளினாள், இந்தமுறை பலமாக.

செல்வம் வீட்டுக்கு எதிரே, வீட்டுமனைக்காகக் கல் நட்டிருந்த காலி நிலத்தில் பந்தல். மைக் செட் போட்டிருந்தவர் தாமு. இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகளைக் கம்பத்தில் கட்டியிருந்தார். கீழே இரண்டு பெரிய பெட்டி ஸ்பீக்கர்கள் மூடியபடி கிடந்தன. அவற்றைப் போடலாமா என்று கேட்டேன். "அது ஆர்கெஸ்ட்ராக்கு எட்டாந்தது. டேப்புக்குக் கூம்பு போதும். நீ ஒயர்ல கையவச்சி பீஸ் போக்காத" என்றார். வாதாடத் தைரியமில்லை. அதுதான் நான் செய்த முதல் தவறு.

இரண்டாவது தவறு நாலு நாற்பதுக்கு. அந்த மாதம் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டிருந்த குத்துப்பாட்டை முழுச் சத்தத்தில் போட்டேன். எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டு. கூம்பில் அடித்தாளம் ஏறவே இல்லை. தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டியதுபோல் இருந்தது. இடப்பக்கம் பெண் வீட்டார், வலப்பக்கம் மாப்பிள்ளை வீட்டார், ஒருவரும் அசையவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல்: "இத்ததான் டீக்கடைல தெனம் கேக்கறமே! ஆர்கெஸ்ட்ரா எங்கபா?"

இடப்பக்கம் முதல் வரிசையில் வெள்ளைச் சட்டையில் ஒருவர் எழுந்தார். ஏழுமலை அவர்தான் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"ஆர்கெஸ்ட்ரான்னு சொல்லி இட்டாந்து டேப்ப போட்டுக் காட்றீங்களா? எங்களப் பாத்தா எப்டித் தெரியுது? எழுந்திருங்கபா, போலாம்."

நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. செல்வத்தின் அப்பா கன்னியப்பன் வெற்றிலைத் தட்டோடு நடுவழியில் நின்றுவிட்டார். மேடையில் மணப்பெண் தலையை நிமிர்த்தவே இல்லை. ஒரே பாட்டைப் போட்டு அந்தப் பெண்ணின் புகுந்த வீட்டு வாழ்க்கையையே நான் கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது. பாட்டை நிறுத்தினேன்.

"ஏன்டி நிறுத்தின?" என்றாள் வசந்தா.

பையில் ஒரு பயிற்சிக் கேசட் இருந்தது. காது பழகுவதற்காக நாற்பது பாட்டுகளின் ஆரம்ப இசையை மட்டும், ஐந்தாறு நொடி வீதம் பதிவு செய்து வைத்திருந்தேன். எல்லாம் புல்லாங்குழல், வயலின், கிடார். இவை கூம்பிலும் கேட்கும். வேறு யோசனையும் இல்லை. அதை இரண்டாவது டெக்கில் போட்டு, பாதிச் சத்தத்தில் முதல் துண்டை ஓடவிட்டு, குரல் வரும் இடத்தில் நிறுத்தினேன்.

பந்தலுக்குப் பின்னால், சாம்பார் வாளியோடு நின்ற ஒரு அம்மா, தன்னையறியாமல் பாட்டின் முதல் அடியைப் பாடிவிட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அதுவரை மைக்கில் நான் பேசியதே இல்லை. எடுத்தேன். "ஆரம்பத்த மட்டும்தான் போடுவேன். பாட்ட நீங்கதான் பாடணும். இது பொண்ணு வீட்டுக்கு."

இரண்டாவது துண்டு. இடப்பக்கம் கிளம்பி நின்ற பெண்கள் குழந்தையை இடுப்பில் வைத்தபடியே பாடினார்கள். மூன்றாவது மாப்பிள்ளை வீட்டுக்கு. அவர்கள் இன்னும் சத்தமாகப் பாடினார்கள். நான்காவதை இரு பக்கமும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு, யார் முதலில் என்று சண்டைக்கு வந்தார்கள். நல்ல சண்டை. எழுந்தவர்களில் பாதிப்பேர் உட்கார்ந்துவிட்டார்கள். ஏழுமலை மட்டும் பந்தல் வாசலில், ஒரு காலில் செருப்போடு, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

ஐந்தாவது இருபது வருடப் பழைய பாட்டு. வெறும் கிடார், ஐந்தே நொடி. இரு பக்கமும் முழித்தது. இன்னொரு முறை போட்டேன். அப்போதும் அமைதி. தோற்றேன் என்று நினைத்தபோது வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது. ஏழுமலை, திரும்பாமலேயே, முதல் அடியைப் பாடினார். கரகரத்த குரல், ஆனால் சுருதி பிசகவில்லை.

மொத்தப் பந்தலும் திரும்பியது. "மாமா! இன்னொருக்கா!" என்று கத்தியது யார் தெரியுமா? மேடையில் இருந்த மணப்பெண்.

அவர் திரும்பி, அவளைப் பார்த்து மறுபடி பாடினார். அதற்குள் வசந்தா முழுப் பாட்டு இருக்கும் கேசட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். ஹெட்போனை ஒரு காதில் அழுத்தி, குரல் தொடங்கும் புள்ளியைப் பிடித்துவைத்தேன். அவர் மூன்றாவது முறை மூச்சு இழுத்தபோது விட்டேன். அவர் குரலுக்கடியில் பாட்டு சரியாக வந்து விழுந்தது. அவரே ஒரு கணம் அதிர்ந்து, அப்புறம் சிரித்தார். செருப்பை உதறிவிட்டு உள்ளே நடந்து வந்தார்.

அந்தப் பாட்டு முடியுமுன்னே தாமு என்னிடம் வந்தார். மூடிக் கிடந்த பெட்டி ஸ்பீக்கர்களைப் பிரித்து, மேடைக்கு இருபுறமும் நகர்த்தி, ஒயர் கொடுத்தார். "இப்போ போடுமே" என்றார். திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பி, அந்தப் பழைய பாட்டின் கடைசித் தாளத்திலேயே, முதலில் தோற்ற அதே குத்துப்பாட்டை இணைத்தேன். அடி இப்போது நெஞ்சில் இடித்தது. பந்தலின் நடுவழி காணாமல் போனது. கன்னியப்பன் தட்டை யாரிடமோ கொடுத்துவிட்டு ஆடினார். காக்கிச் சட்டையோடு எங்கள் ஆட்டோக்காரரும் ஆடினார். அவருக்கு ஆர்கெஸ்ட்ரா ஞாபகமே இல்லை. ஏழரை வரை நிறுத்தாமல் போட்டேன். இரண்டு டெக்கும் சூடேறியிருந்தன. எனக்குக் கால் வலி, கை வலி எதுவும் தெரியவில்லை. இதை நான் செய்தேன், நானே செய்தேன் என்று மட்டும் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

திரும்பும்போது செல்வத்தின் உறவினர் ஒருவர் வானகரம் வழியாக டெம்போவில் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார். இது அதிர்ஷ்டம். நீங்கள் அதிர்ஷ்டத்தை நம்பாமல், திரும்பும் வண்டியைப் போகும்போதே பேசிவிடுங்கள்.

வாசகிக்கு என் பதில் இதுதான். நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய், முதலில் ஸ்பீக்கரைப் பாருங்கள். அது தாங்காத பாட்டை அங்கே தொடங்க முடியாது. நல்ல ஸ்பீக்கர் மூடிக் கிடந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். ஒருவர் முறைத்தால் இன்னொரு முறை கேளுங்கள். உங்களுக்குப் பிடித்த பாட்டில் ஆரம்பிக்காதீர்கள், அதற்கு நாலாவது இடம் கொடுங்கள். கூட்டத்துக்குத் தெரிந்த ஒன்றைக் கொஞ்சமாகக் கொடுத்து, மிச்சத்தை அவர்கள் வாயிலிருந்து வரவழையுங்கள். பாதிச் சத்தத்தில் தொடங்கினால்தான் அவர்கள் குரல் அவர்களுக்கே கேட்கும். பாட்டு விழுந்துவிட்டால் நிறுத்துவதில் அவமானமில்லை. பஸ்ஸில் போவதானால் உடையக்கூடியதை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கூட ஒரு வசந்தா இருந்தால் நல்லது. அன்று அந்தக் கேசட்டை அவள் தேடி எடுத்திராவிட்டால் இந்தக் கதையே இல்லை.

மூன்று மாதம் கழித்து ஏழுமலை எஸ்டேட் வாசலுக்கே வந்தார். ஷிப்ட் முடியும்வரை காத்திருந்து, மஞ்சள் தடவிய ஒரு பத்திரிகையைக் கொடுத்தார். கரையான்சாவடியில் அவர் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. கடைசி வரிக்கு மேலே தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது: 'இன்னிசை: அம்பத்தூர் இஸ்டெல்லா.'

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ப்ரெஸ்ல நாந்தான் எய்திக் குடுத்தேன். பேரு தப்பாகீதாமா? ஐநூறு கார்டு அடிச்சிட்டேனே."

அச்சில் என் பெயரை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இல்லண்ணே," என்றேன். "சரியாதான் கீது."