பேச்சியம்மா மதினி குடிக்காத இளநீர்

அச்சங்குளத்தில் பட்டாசுக் கம்பெனிப் பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது மதினியின் மகள் முருகேஸ்வரி அழைத்தாள். என் வயதுக்காரி என்றாலும் முறைக்கு நான் சித்தப்பா. "அம்மா போயிட்டாக, சித்தப்பா" என்றாள். வேனில் இருந்தவர்களிடம் சொன்னேன். யாரும் கம்பெனிக்குப் போகச் சொல்லவில்லை. வண்டியை ஏழாயிரம்பண்ணைக்குத் திருப்பினேன்.

இங்கே வந்திருக்கும் உங்களில் பலர் பேச்சியம்மா மதினியோடு உட்கார்ந்து வெடிக்குத் திரி வைத்தவர்கள். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு வேன் ஓட்ட வந்த எனக்கு அவர் முன்னிருக்கைக்காரர். ரோட்டில் யாரையாவது திட்டினால், "ஏலே, ஹாரனைக் கழட்டி வித்துரு. அதான் நீ இருக்கியே" என்பார்.

சிறுநீரகம் கெட்ட பிறகு அதே வேனில்தான் விருதுநகருக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனேன். உடம்பில் தண்ணீர் தேங்கிக் கால் வீங்கியிருக்கும், மூச்சு இரைக்கும். ஆஸ்பத்திரியில் கேட்டதைத் திரும்பும் வழியில் எனக்குச் சொல்வார். "கிட்னின்னா சல்லடைன்னு நெனச்சேன்லே. அது நம்ம கம்பெனியில மருந்து கலக்குற ஆளு மாதிரி. தண்ணி எம்புட்டு, உப்பு எம்புட்டுன்னு பாத்து நிறுத்திக்கிட்டு மிச்சத்தைத்தான் வெளிய விடுமாம். ரத்தத்துல புளிப்பு ஏறாமலும் அதுதான் பாத்துக்கிடுமாம். எனக்கு அந்த ஆளு லீவு."

பார்க்க வருகிறவர்கள் இளநீரோடுதான் வருவார்கள். உடம்புக்கு முடியாதவருக்கு வேறென்ன வாங்குவது? அதிலிருக்கும் பொட்டாசியத்தை நம் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். அவருக்கு அது ரத்தத்திலேயே தங்கி இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். இருந்தாலும் வாங்கிக்கொள்வார். வந்தவர்கள் போனதும் என்னிடம் நீட்டுவார்.

முருகேஸ்வரியைப் பெண் பார்க்கச் சாத்தூரிலிருந்து வந்தார்கள். நோயைப் பற்றி வாயே திறக்கக் கூடாது, பிள்ளைக்கும் வரும் என்று நினைத்துவிடுவார்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். பேச்செல்லாம் நல்லபடியாகப் போனது. மாப்பிள்ளையின் அம்மா, தான் கொண்டு வந்த இளநீர்க் குலையில் ஒன்றைச் சீவச் சொல்லி, மதினியிடம் நீட்டினார். முதலில் நீங்கள்தான் குடிக்க வேண்டும் என்றார். சம்பந்தம் பேச வந்தவர் கொடுப்பதை என்னிடம் தள்ளிவிட முடியாது. குடித்தால் உயிருக்கு ஆபத்து. குடிக்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

மதினி வாங்கிக்கொண்டார். மகளைப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீக. எனக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. இதக் குடிச்சா நெஞ்சு நின்னாலும் நின்னுரும். மறைச்சுக் கட்டிக்குடுத்தா நாளைக்கு எம்புள்ளையத்தான பேசுவீக."

நான் வேன் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். இனி அவர்களைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அந்த அம்மா இளநீரைத் திரும்ப வாங்கிக் கீழே வைத்தார்.

"தண்ணி எம்புட்டுக் குடிக்கலாம்?"

"அரை டம்ளர்."

அவரே அடுப்படிக்குப் போய் அரை டம்ளர் தண்ணீர் கொண்டு வந்தார். மதினி அதைக் குடித்து முடிக்க வெகுநேரம் ஆனது. அதுவரை சாத்தூர்க்காரர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை.

அந்த மாப்பிள்ளைக்கே மகளைக் கட்டிக்கொடுத்து, கல்யாணத்தைக் கண்ணாரப் பார்த்துவிட்டுத்தான் மதினி போயிருக்கிறார்.

எனக்கும் உண்மையைப் பேசத் தெரியும். ஆனால் கையிலிருப்பதை விட்டெறிந்துவிட்டுத்தான் பேசுவேன். மதினி அந்த இளநீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வேண்டாம் என்றார். அவர் விட்டுப்போனதில் அந்தக் கைகளைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். அப்படிப் பிடித்துக்கொண்டே பேசிப் பழக எனக்கு இன்னும் நாளாகும்.