அங்கன்வாடி டீச்சருக்கு நாள் தள்ளியது

மீன்சுருட்டிப் பக்கத்து அங்கன்வாடியில் வெற்றிச்செல்வி டீச்சராகிப் பதினாறு வருடம். ஊரில் எந்தப் பெண்ணுக்கு நாள் தள்ளினாலும் முதலில் அவளிடம்தான் சொல்வார்கள். அவளுக்கே தள்ளியபோது யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. வயது நாற்பத்திரண்டு. போன தை மாதம் கட்டிக்கொடுத்த மகள் சத்யப்பிரியாவுக்கு இது ஐந்தாம் மாதம்.

கணவன் அறிவரசன் விஷயத்தைக் கேட்டதும் எழுந்து கதவைச் சாத்தினான். "மகளுக்கு வளைகாப்பு போடுற நேரத்துல இதென்ன கூத்து? சம்பந்தி வூட்டுல சிரிப்பாங்க. வெளிய தெரியறதுக்குள்ள கலைச்சுடு."

நாத்தனார் கமலவேணி வேறு மாதிரி சொன்னாள். "சாமி குடுத்தத அழிச்சா பாவம், அண்ணி. அது சத்யா வயித்துப் புள்ளைய வந்து தொடும்."

கணவன் பேச்சு கோபத்தைத்தான் கிளப்பியது. நாத்தனார் பேச்சு அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. நான்கு நாள் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் போனில் பேசியபோது அம்மாவின் குரல் சரியில்லை என்று மறுநாளே சத்யப்பிரியா பஸ் ஏறி வந்துவிட்டாள். வெற்றிச்செல்வி சுவரைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். மகள் அவள் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்க வூட்டுல நான் பேசிக்கிறேன். எம் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. நீ பெத்துக்கிட்டாலும் நான் தூக்கி வளப்பேன். ஒனக்கு என்ன வேணும்? அத சொல்லும்மா."

இதை யாரும் இதுவரை கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. சத்யாவுக்கு அடுத்து மகன் பிறந்தபோது உதிரம் நிற்காமல் மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றியது நினைவுக்கு வந்தது.

"வேணாம் சத்யா. வெக்கத்துக்காக இல்ல. இன்னொரு தடவ என் ஒடம்பு தாங்காது."

வாய்விட்டுச் சொன்னதும் மூச்சு சீராக வந்தது.

ஜெயங்கொண்டத்தில் எல்லோரும் தெரிந்த முகம் என்பதால் இருவரும் பெரம்பலூர் போனார்கள். ஆஸ்பத்திரியில் இளம்வயது டாக்டரம்மா ஸ்கேன் பார்த்து ஏழு வாரம் என்றார்.

"வூட்டுக்காரரு கையெழுத்து போடணுங்களா?" மற்றவர்களுக்கு எத்தனையோ விதிமுறை சொன்னவள், தனக்கென்று வந்ததும் ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டாள்.

"வேணாம்மா. ஒங்க கையெழுத்து போதும். ஒங்க பேரு வெளிய போவாது."

மாத்திரை போட்ட இரண்டு நாளும் வலி இருந்தது. அறிவரசன் லாரி ஓட்டப் போகவில்லை. ரசம் வைத்தான், வெந்நீர் போட்டான். "ஊரப் பத்தியே பேசிட்டேன். ஒன்னப் பத்திக் கேக்கல," என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னான். கமலவேணி எட்டிப் பார்க்கவில்லை. அந்த மனத்தாங்கல் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

பதினைந்து நாள் கழித்து மறுபடி பெரம்பலூர். எல்லாம் சரியாகிவிட்டது என்றார் டாக்டரம்மா. கூட வந்திருந்த சத்யப்பிரியாவையும் பரிசோதித்து, குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கவைத்தார். குதிரை ஓடுவதுபோல் கேட்டது. வெற்றிச்செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பெரம்பலூர் எல்லையைத் தாண்டுமுன்பே மகளின் தோளில் சாய்ந்து அயர்ந்து தூங்கிவிட்டாள்.