ஒன்பது நிமிட ஏற்றம்

கிரேன்காரரின் மார்பை மழித்துப் பத்து இடங்களில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர்.

"எங்க கிரேனுக்கே இத்தனை வயர் கிடையாதும்மா."

டெக்னீஷியன் பெண் சிரிக்கவில்லை. "நெஞ்சு இறுகினாலோ மூச்சு முட்டினாலோ உடனே சொல்லணும் சார். பொறுத்துக்கிட்டு நடக்கக் கூடாது."

"சொல்லாம என்ன."

சொல்வதில்லை என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு கட்டியிருந்தார். ஒன்பது நிமிடம் அந்த ட்ரெட்மில் பெல்ட்டில் நடந்து, திரையில் ஓடும் கோடும் ஒழுங்காக இருந்தால் டாக்டரம்மா கடிதம் தருவார். கடிதம் இருந்தால் கிரேன். இல்லாவிட்டால் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து போல்ட் பொறுக்கிப் போட வேண்டியதுதான்.

பத்தொன்பது வருடம் மேலே இருந்தவர். ஏணியில் இருநூற்றுப் பன்னிரண்டு படி. கீழே நின்று சைகை காட்டுகிறவன் மனைவியின் தம்பி. ஏழு வாரத்துக்கு முன்னால், கம்பிக் கட்டு அந்தரத்தில் தொங்கும்போது நெஞ்சில் பாறாங்கல் ஏறி உட்கார்ந்தது. கட்டை இறக்கினார். கொக்கியைக் கழற்றும்வரை காத்திருந்தார். பிறகுதான் வாக்கிடாக்கியில், "மாப்ளே, சும்மா ஒரு தடவ மேல வந்துட்டுப் போ" என்றார். குரலில் பிசிறில்லை. ஏறி வந்தவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இடது கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்திருந்ததைப் பார்த்தான்.

இப்போது அவன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றான். உள்ளே பேசுவது அவனுக்குக் கேட்காது.

பெல்ட் நகரத் தொடங்கியது. முதல் மூன்று நிமிடம் கடைத்தெரு நடை. டாக்டரம்மா திரையைப் பார்த்தார். "வலி?"

"இல்லீங்க."

மேடு கூடியது. வேகமும் கூடியது. ஆறாவது நிமிடத்தில் சட்டையில்லாத முதுகில் வியர்வை வழிந்தது. கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்தார்.

"கைய லேசா வைங்க. இப்படிப் பிடிச்சா கோடு கிறுக்கலா வருது, ஒண்ணும் தெரியல" என்றார் டாக்டரம்மா.

தெரியாமல் இருப்பது நல்லதுதான் என்று நினைத்தார். கடிகாரம் ஏழு காட்டியது. மூன்றாவது மேடு. பாறாங்கல் வந்துவிட்டது. அதே இடம், அதே கனம்.

"வலி இருக்கா சார்?"

"இல்ல." வாக்கிடாக்கிக் குரல்.

இன்னும் இரண்டு நிமிடம். நூறு படி என்று வைத்துக்கொண்டார். நூறு படியை அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஏறியிருக்கிறார். தாடை வலித்தது. டாக்டரம்மா அச்சாகி வந்த தாளை விளக்கருகே பிடித்து, கிறுக்கலுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். இன்னும் ஒன்றரை நிமிடம். வலது கை கம்பியில் இருந்தது. இடது கை எப்போது கம்பியை விட்டு, கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டது என்று அவருக்குத் தெரியாது.

கண்ணாடிக்கு வெளியே இரண்டு கைகள் பக்கவாட்டில் விரிந்தன. நிறுத்து.

சைட்டில் அதற்கு ஒரே சட்டம். நிறுத்து என்று யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் பிறகு. அவர் யோசிக்கவில்லை. வலது கை தானாகப் போய்ச் சிவப்புப் பொத்தானைக் குத்தியது. பெல்ட் நின்றது.

"என்ன ஆச்சு?"

"வலிக்குது" என்றார். வாக்கிடாக்கிக் குரல் எங்கேயோ போயிருந்தது.

படுக்க வைத்தார்கள். நாக்குக்கடியில் மாத்திரை. கை தளர்ந்ததும் கிறுக்கல் அடங்கிக் கோடு தெளிந்தது. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் பள்ளம். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மீதியையும் நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா?"

அவர் கூரையைப் பார்த்தார். "இதயத்துல அந்தச் சதை செத்துப்போச்சா?"

"செத்த சதை இப்படிக் கத்தாது. உயிர் இருக்கு, ரத்தம் பத்தல. ஆஞ்சியோ பண்ணி அடைப்பு எங்கன்னு பார்க்கணும். இந்த வாரமே."

"அப்புறம் ஏறலாமா?"

"அடைப்ப எடுத்துட்டு, திரும்ப இதே பெல்ட்ல நடங்க. அப்ப சொல்றேன். இன்னிக்குக் கடிதம் கிடையாது."

வலி வடிந்த பின் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். மைத்துனன் சுவரோரம் நின்றான். விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாதவன்போல பைக்குள் விட்டிருந்தான்.

"யாருடா உன்ன சைகை காட்டச் சொன்னது? என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே."

"நீங்க ஏன் மாமா நிறுத்தினீங்க?"

லிஃப்ட் கதவு திறந்தது. மூன்று மாடிதான். படிக்கட்டுப் பக்கம் பழக்கத்தில் திரும்பிய காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.